தேக்சாவை இறக்க ஒரு கை

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வந்து ஏமாற்றிவிட்டான் என்று என்னைத் திட்டக் கூடாது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. கனகபுரா ரோட்டில் பெங்களூரைத் தாண்டி ஓர் ஒற்றைப் பாறைக் குன்று. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். அங்கே நிறுத்த இடம் கிடையாது.) நான் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் அம்மாள் ஏறி வந்தார். அறுபதைத் தாண்டிய உடம்பு. பூப்போட்ட சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். காலில் கல்லூரிப் பையன்கள் போடுகிற ஆரஞ்சு நிற ஷூ. தலையில் சும்மாடு, அதன்மேல் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய அலுமினியத் தேக்சா. என்னைக் கடந்தபோது வந்த மணத்தை வைத்துச் சொல்கிறேன், உள்ளே பன்றிக்கறி.

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் மூட்டை தூக்குகிறவர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன். தலையில் பாரம் இருக்கும்போது சிரித்த முகத்தை அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை.

கீழே என் பஸ் ஹார்ன் அடித்தது. அந்த அம்மாள் உச்சிக்குப் போனாரா, போய் என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. மிச்சத்தை நானே கட்டப்போகிறேன். சுவர் கோணலாக இருந்தால் சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கிழக்கு வெளுத்தது. அல்போன்சா ஜன்னல் வழியே இளஞ்சூரியனை ரசித்தபடி"

(அடித்துவிட்டேன். நாலு மணிக்கு எழுந்து கூலிவேலைக்குப் போனவர்கள் சூரியனை ரசிப்பதில்லை. பஸ் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "முதுமை என்பது ஒரு"

(முடிக்க முடியவில்லை. அது ஒன்றும் இல்லை. முட்டிவலி. அதற்கு மேல் சொல்பவர்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.)

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்டின் டவுன் சந்து வீட்டுச் சமையலறையில் அல்போன்சா* தேக்சாவின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன் கிளிஃபர்ட் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இந்த ஒரு நாளுக்காக மேனேஜரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருக்கிறான்.

"மம்மி, லாஸ்டா கேக்குறேன். சர்ஜாபூர் பக்கம் ஒரு ரிசார்ட் இருக்கு. ஸ்விம்மிங் பூல், பஃபே எல்லாம். போர்க்கும் உண்டு."

"யாரு கைச் சமையல்?"

"யாரு கையா இருந்தா இன்னா மம்மி?"

"அப்ப தினமும் அங்கயே போய்த் துண்ணு. உன் பொண்டாட்டிக்கும் வேலை மிச்சம்."

ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த நோரா நிமிர்ந்தாள். "என்னை ஏன் அத்தை இழுக்குறீங்க? நான்தான் மொத ஆளா ரெடியாயி குந்திக்கினு இருக்கேன்."

கிளிஃபர்ட் விடவில்லை. "டாடிக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆயி இன்னும் புண்ணே ஆறல. வாட்டர் பாட்டிலுக்கு மேல தூக்கக் கூடாதுன்ட்டாரு டாக்டர். உங்க முட்டி வேற அந்த லட்சணம். இந்த வருசம் போலாம், நான் வேணாங்கல. ஆனா மேல இறக்க ஆளு இல்லன்னா அடுத்த வருசத்துலேர்ந்து பஃபேதான். ஓகேவா?"

"நீ ஆளு இல்லையாடா" என்பது அல்போன்சாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"ஓகே" என்றாள்.

ஏன் விழுங்கினாள் என்று சொன்னால்தான் கதை நகரும்.

*(கீழே ஒரு குறிப்பு: பாறையில் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்'. மரியாதை குறைந்துவிடவில்லை. அடுப்பங்கரைவரை போன பிறகு 'அவர்' என்றால்தான் உறுத்துகிறது. பெயர், சந்து, மகன், மருமகள் எல்லாம் என் கைச்சரக்கு. அந்த ஆரஞ்சு ஷூ மட்டும் உண்மை.)

3

அல்போன்சாவின் கணவன் மதலைமுத்து. அவனுடைய அப்பா குவாரியில் கல் உடைத்தவர். ஈஸ்டருக்கு மறுநாள் மேஸ்திரி லீவு விடுவார். லீவு விட்டால் எங்கே போவது? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாறைதான். அதனால் பாறைக்கே போனார்கள். ஒரே வித்தியாசம், அதை உடைக்க வேண்டியதில்லை. தவக்காலம் முழுக்கக் கட்டிவைத்த வாயை உச்சியில் போய் அவிழ்த்தார்கள். கறியும் பன்னும்.

அதற்கு ஒரு சட்டம் வைத்தார்கள். தேக்சா ஒருவர் தலையில் ஏறும். உச்சியில் அதை இறக்கிவிட யார் கை வைக்கிறாரோ, அடுத்த வருஷம் அவர் தலையில். ஆனால் கை கொடு என்று யாரும் கேட்கக் கூடாது. கை தானாக வர வேண்டும்.

(வருஷம் முழுக்கக் கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள், ஒருநாளாவது கேட்காமல் கிடைக்கட்டும் என்று இப்படி வைத்திருப்பார்கள். இது என் ஊகம். அழகாக இருப்பதால் எனக்கே சந்தேகம். சோம்பேறி மச்சான் ஒருவனை மடக்கவும் வைத்திருக்கலாம்.)

ஒரு காலத்தில் இறக்கப் போட்டி நடந்தது. சித்தப்பா மகன்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கை வைத்தார்கள். பிறகு ஒருவன் துபாய், ஒருவன் மெல்பர்ன், ஒருவன் கல்லறை. கடைசியில் மிஞ்சியது புருஷனும் பெண்டாட்டியும். ஒரு வருஷம் அவன் தூக்க, அவள் இறக்குவாள். மறு வருஷம் அவள் தூக்க, அவன் இறக்குவான். போன வருஷம் அவன் தூக்கினான். ஆகவே இது அவளுடைய முறை. இறக்க வேண்டியவன் வயிற்றில் தையலோடு இருக்கிறான்.

குத்தவைத்துத் தானே இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தலைச்சுமை தூக்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். சரிவுப் பாறையில், தளும்புகிற குழம்போடு, மடங்காத முட்டியை வைத்துக்கொண்டு குத்தவைத்தால், கறி உருண்டு கனகபுரா போய்ச் சேரும்.

4

அடிவாரம். கிளிஃபர்டும் நோராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேக்சாவை அவள் தலையில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்குச் சட்டம் இல்லை, யாரும் ஏற்றலாம்.

"நான் ஜிம்ல நாப்பது கிலோ தூக்குறேன் அத்தை. பாதி வழி நான் வாங்கிக்கட்டுமா?"

"அது கையில. கழுத்துல இதுவரைக்கும் இன்னா தூக்கியிருக்கே?"

"உங்க புள்ள கட்டுன தாலிய."

அல்போன்சா சிரித்ததில் தேக்சா ஆடியது. "அது இத விட வெயிட்டுதான், போ."

(நோராவைப் பற்றி எனக்குக் குழப்பம். முதல் பிரதியில் அவளை செல்ஃபி எடுத்துக்கொண்டே இருக்கிற மருமகளாக எழுதினேன். சுலபமாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன். இந்த வாயாடியை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உச்சியில் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.)

மதலைமுத்துவை ரோட்டோரம் நின்ற வாடகை வேனிலேயே உட்காரச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினான்.

அல்போன்சா ஏறினாள். முதல் சரிவிலேயே முட்டி முனகியது. முனகிக்கொள் என்று விட்டுவிட்டாள். முப்பது வயதுவரை கட்டட வேலையில் சாந்துச்சட்டி சுமந்தவள். பாதம் மறக்கவில்லை: பக்கவாட்டில் வை, பெருவிரலை ஊன்று, கழுத்தை அசைக்காதே, கண்ணால் மட்டும் திரும்பு. அந்த நாளில் மேலே போனதும் மேஸ்திரி அடுத்த சட்டிக்கு விரட்டுவான். இன்றைக்கு விரட்ட ஆள் இல்லை. இது அவளே வதக்கி, அவளே உப்புப் பார்த்த குழம்பு. காற்று சேலைக்குள் புகுந்து உப்பியது. அவளுக்கு ஓடலாம்போல் இருந்தது.

முன்னால் ஒரே நிற டீ-சர்ட் போட்ட ஆபீஸ் கூட்டம் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வழியை அடைத்திருந்தது.

"சைடு, சைடு. சூடா இருக்கு, மேல ஊத்திக்காதீங்க."

"ஆன்ட்டி, ஸ்லோவா போங்க" என்றான் ஒருவன்.

"ஸ்லோவா போனா ஆறிப்போயிடும் கண்ணா."

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. (இந்த இடத்தில்தான் நான் அவரைப் பார்த்தேன். இதுவரை நான் பொறுப்பு. இனிமேல் நடப்பதை என் தலையில் கட்டாதீர்கள்.)

பின்னால் ஏதோ சத்தம். அவளால் திரும்ப முடியாது. "யாருடா அது?" என்றாள்.

கிளிஃபர்ட் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "டாடி. குடைய ஊனிக்கினு வராரு."

"தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு" என்று கீழிருந்து குரல் வந்தது. "ஏறக் கூடாதுன்னு சொல்லல."

5

உச்சி.

அல்போன்சா நின்றாள். நாலு பக்கமும் வானம். தூரத்தில் பெங்களூர் ஒரு புகை மூட்டமாகக் கிடந்தது. அவளுக்கு அழுகையும் வரவில்லை, ஞானமும் வரவில்லை. பசித்தது. பசியும் மூச்சும் சேர்ந்து உடம்பெல்லாம் ஒரு குதூகலம்.

இப்போது இறக்க வேண்டும். இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது: துணியை அவிழ்த்தால் உள்ளே இட்லிக்கு ஊறவைத்த அரிசி. பாத்திரம் மாறிவிட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள். (சிரிப்புக்குச் சரி. ஆனால் அல்போன்சா பாத்திரம் மாற்றி எடுக்கிற ஆள் இல்லை. மணத்தை வேறு நானே முகர்ந்துவிட்டேன்.)

இரண்டாவது: கிளிஃபர்ட் கண் கலங்கி ஓடிவந்து "மம்மி" என்று

(வேண்டாம். காய்ச்சல் என்று பொய் சொல்லி வந்தவன். அவனைத் திடீரென்று நல்லவனாக்க எனக்கு வாய் வரவில்லை. கெட்டவனாக்கவும் வரவில்லை. வருஷாவருஷம் அவனும் ஏறி வருகிறானே.)

மூன்றாவது: மதலைமுத்து குடையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறான். இதை அடிக்க முடியவில்லை. ஏனென்றால் அவன் அப்படித்தான் செய்வான்.

"கை வெச்சீங்க," என்றாள் அல்போன்சா, "தையல் பிரிஞ்சு ஆஸ்பத்திரியில கஞ்சிதான். இந்தக் கறியில ஒரு துண்டு கிடையாது."

"பின்ன எவ்ளோ நேரம் சாமியாட்டம் நிப்ப?"

"நிக்குறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மதலைமுத்து கையை இறக்கினான். கிளிஃபர்ட் போனைப் பாக்கெட்டில் போட்டான். இரண்டு கையும் இப்போது காலி. அடுத்த வருஷம், ரிசார்ட், முட்டி, சட்டம், எல்லாம் அவன் முகத்தில் ஓடுகிறது. நோரா சட்டைக்கையை மடித்துவிட்டாள். வெயிலுக்காகவும் மடித்திருக்கலாம். அல்போன்சா யாரையும் பார்க்கவில்லை. பார்த்தாலே கேட்டதாகிவிடும். நேராக வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்து நரம்பு மட்டும் துடிக்க ஆரம்பித்திருக்கிறது.

நான் கை வைக்கலாம். பேனா என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவன் இறக்கிவைத்தால் அது தானாக வந்த கை ஆகாது. கிளிஃபர்டின் கையை நான் தூக்கிவிட்டாலும் அதே கதைதான். அதனால் நிறுத்துகிறேன். நான் நிறுத்தினாலும் தேக்சா அவள் தலையில்தான் இருக்கிறது.

நீங்களும் இவ்வளவு தூரம் கூடவே ஏறி வந்துவிட்டீர்கள். மூச்சுகூட வாங்கவில்லை. துணி முடிச்சைப் பிடிக்க வேண்டாம், அவிழ்ந்துவிடும். விளிம்புக்குக் கீழே, இரண்டு பக்கமும். தொட்டால் அடுத்த ஈஸ்டர் திங்கள் யார் தலையில் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்கவில்லை.