ஞாயிற்றுக்கிழமையின் புள்ளி

1

முதலில் திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் என் முறை வந்தபோது, கடைக்காரம்மா ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "நீங்களே வச்சு எடுத்துக்கோங்க" என்று கை காட்டினார். மூடியைத் தூக்கினேன். கண்ணாடி மேல் ஒரு வரைபடத்தாள் குப்புறக் கிடந்தது. யாரோ நகலை எடுத்துக்கொண்டு அசலை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல மனிதர் என்றால் கடைக்காரம்மாவிடம் கொடுத்திருப்பார். நான் என் காகிதங்களோடு சேர்த்து மடித்து எடுத்து வந்துவிட்டேன். (நான் எதை நகலெடுக்கப் போனேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.)

தாளில் இருப்பது ஏழாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடம். தலைப்பு: "எங்கள் வீட்டில் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் போகும் ஓர் அளவு: அப்பா வரும் நேரம்." அதன் கீழே விதி: "மாலை 6 மணி = 0. எத்தனை நிமிடம் சீக்கிரமோ அத்தனை மேலே, மிகை எண். எத்தனை நிமிடம் தாமதமோ அத்தனை கீழே, குறை எண்." திங்கள் முதல் சனி வரை ஆறு புள்ளிகள்: 10, 25, 40, 40, 55, 70. ஆறும் கோட்டுக்கு மேலே. அடியில் சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "மிக நன்று! கொடுத்து வைத்தவள் நீ. ஞாயிறு எங்கே? நிரப்பி, பெற்றோர் கையெழுத்துடன் கொண்டு வா."

கையெழுத்து இல்லை, ஞாயிறும் இல்லை. வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், பென்சிலில், அழுத்தாமல் எழுதிய பட்டியல் ஒன்று: தி 6.10, செ 6.25, பு 6.40, வி 6.40, வெ 6.55, ச 7.10.

அந்த அப்பா ஒருநாளும் சீக்கிரம் வரவில்லை. ஆறு நாளும் தாமதம். ஆறையும் மகள் கோட்டுக்கு மேலே வைத்திருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு ஆளில்லை, எழுத உட்கார்ந்தேன்.

2

"மாலை நேரத்தில் வீடு என்பது ஒரு"

(விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும்.)

"அம்மா இறந்த பிறகு அவள்"

(இதையும் விட்டேன். கதை நகர வேண்டும் என்பதற்காக ஒருத்தியைக் கொல்ல மனசு வரவில்லை. அடுத்த வரைவில் அம்மாவை வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பினேன். அதற்கடுத்ததில் கோபித்துக்கொண்டு போக வைத்தேன். மூன்று வரைவிலும் நாலரை மணிக்கு வீடு ஒரே மாதிரிதான் இருந்தது. பூட்டைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அம்மா இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

அப்பாவுக்கு ஒரு வேலை வேண்டும். பேருந்து ஓட்ட வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. புள்ளிகள் ஏன் மேலே போயின என்பதற்கு அவருடைய வேலையே பதில் சொல்ல வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் அவரைக் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்பினேன்.

3

கிடங்கில் மீனும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும். அப்பா மணிக்கு ஒரு தடவை கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வெப்பநிலையைப் பார்த்து, கதவில் தொங்கும் அட்டையில் குறிக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி இருந்தால் கவலையில்லை. ஆனால் அங்கே யாரும் மைனஸ் என்று சொல்வதில்லை, அட்டையில் எழுதுவதும் இல்லை. "எவ்வளவு?" என்றால் "பதினெட்டு." குளிர் கூடினால் "இருபதுக்கு ஏறிடுச்சு" என்பார்கள். "பன்னெண்டுக்கு இறங்கிடுச்சு" என்று ஒருவர் கத்தினால் எல்லோரும் ஓடுவார்கள்.

மகளை அவர் கடுகு என்று கூப்பிடுவார். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். ஒரு ஞாயிறு மத்தியானம் கடுகு கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அப்பா, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பன்னெண்டு. இதுல எது பெரிசு?"

"பதினெட்டுதான். இதுல என்ன சந்தேகம்?"

"மைனஸ்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன். பன்னெண்டுன்னா சரக்கு நாறிடும். பதினெட்டு இருந்தா நிம்மதியா வீட்டுக்கு வரலாம்."

"நீங்க எழுதிக் காட்டினதுல மைனஸையே காணோமே?"

"எல்லாமே மைனஸா இருக்கிற இடத்துல அதை வேற தனியா எதுக்குப் போடணும்? எழுதறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும்."

பத்துக் கணக்கையும் இருவருமாக அப்படியே போட்டார்கள். மறுநாள் பத்தும் தப்பு. ஆசிரியை எண்கோடு வரைந்து காட்டினார், கடுகுக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. புதுப் பக்கத்தில் சரியாக எழுதினாள். பழைய பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கம் அது.

* இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதன் மேல் சந்தேகமாகவும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்துவிட்டேன்.

4

வரைபட வீட்டுப்பாடம் கொடுத்த அந்த வாரம்தான் கிடங்கில் குளிரூட்டும் இயந்திரம் மக்கர் பண்ணத் தொடங்கியது. அப்பா விட்டுவிட்டு வர முடியாது. கடுகு நாலரைக்கு வந்து, பையை வைத்து, தம்ளரைக் கழுவிவிடுவாள். பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து படிக்கட்டுச் சத்தம் கேட்பாள். அவர்கள் வீடு மூன்றாம் மாடி. ஆறு மணிக்கு மேல் நிறையக் காலடிகள் ஏறி வரும். பெரும்பாலானவை இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். அங்கே ஒரு கதவு திறக்கும், யாரோ யாரையோ "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கடிந்துகொள்ளும் சத்தம் கேட்கும். கடுகு அதையும் கேட்பாள்.

தன் அப்பாவை அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. களைத்து வருகிறவரிடம் எப்படிக் கேட்பது? தாளைத் திருப்பி நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வாள்.

இப்போது வரைய வேண்டிய இடம். அப்பா சொல்லிக்கொடுத்த தப்பான முறையிலேயே போட்டுவிட்டாள் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் கடுகு முட்டாள் இல்லை, பத்துத் தப்புக்குப் பிறகு அவளுக்கு எல்லாம் தெரியும். வகுப்பில் கேலி செய்வார்கள் என்று பயந்து மாற்றினாள் என்று ஒரு பத்தி எழுதினேன், அது

(அது பொய். அடித்துவிட்டேன்.)

நான் நினைப்பது இது. அவள் ஆறு தாமதங்களையும் வரிசையாகப் பார்த்தாள். ஒன்றுகூட மேலே போகாது. எல்லாமே மைனஸாக இருக்கிற இடம். அப்பாவின் அட்டையில் போடுவது போலவே, குறியை விட்டுவிட்டு வெறும் எண்ணைப் போட்டாள். ஆசிரியை படித்தால் அப்பா தினமும் சீக்கிரம் வந்துவிடுகிறார். சரியாகப் படிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும், அந்த ஆள் அதைப் பார்ப்பாரா என்பதுதான் அவள் கவலை.

5

முடிவு ஒன்று. அப்பா அவசரத்தில் இருக்கிறார். "எங்க போடணும்?" என்று கேட்டு, தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். நடக்கக்கூடியது இதுதான். ஆனால் என்னிடம் இருக்கும் தாளில் கையெழுத்து இல்லை.

முடிவு இரண்டு. அப்பா உட்கார்ந்து பார்க்கிறார்.

"பத்து, இருபத்தஞ்சு... எழுபதுக்கு ஏறிடுச்சா?"

"ஆமாம்பா. சனிக்கிழமை."

"டீச்சர் என்னமோ கொடுத்து வச்சவள்னு எழுதியிருக்காங்க?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியல."

அவர் சாப்பிட்ட கையோடு அப்படியே இருக்கிறார். கை காய்ந்துபோகிறது. பிறகு, "ஞாயித்துக்கிழமை ஏன் போடல?" என்கிறார். அந்த ஞாயிறும் கிடங்கிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது மணி எட்டு.

"தாள்ல எண்பது வரைக்கும்தான்பா கட்டம் இருக்கு."

மறுநாள் அவர் தாளோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். நகலைக் கிடங்குக் கதவில், வெப்பநிலை அட்டைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று நினைத்து, கலங்கிய மனசோடு அசலை மறந்துவிடுகிறார்.

இதை எழுதிவிட்டு நான் அழுதேன். அழுததால் இது உண்மையாகிவிடாது. கடுகே நகலெடுத்திருக்கலாம். முழுக் கிடங்கையும் நான் கட்டியதே வீண் என்றும் இருக்கலாம்.

6

ஆனால் ஒன்று உறுத்தியது. இப்படிப்பட்ட ஒரு தாளை நான் அல்லவா மேசையில் வைத்து ரசித்துக்கொண்டிருக்கிறேன்? அங்கே ஒரு பிள்ளை கையெழுத்து வாங்க முடியாமல் வகுப்பில் எழுந்து நிற்கிறாளோ என்னவோ. நேற்றுச் சாயங்காலம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்ககிட்டயா இருந்துச்சு? ஒருத்தர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாருங்க. குப்பைக் கூடையைக்கூடக் கொட்டித் தேடிட்டுப் போனாரு."

"எப்படி இருந்தாரு? கனமா ஏதாவது கோட்டு..."

"இந்த வெயில்ல யாரு கோட்டு போடுவா? சாதாரணமா இருந்தாரு."

"எத்தனை மணிக்கு வந்தாரு?"

"ரெண்டு நாளும் அஞ்சே முக்கால் இருக்கும். ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை. "நீங்க அன்னிக்கு வாடகைப் பத்திரம் எடுக்க வந்தவங்கதானே?"

ஆமாம். சொல்ல வேண்டாம் என்று நினைத்ததை அவர் சொல்லிவிட்டார். பழைய பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, புதியதில் என் பெயர் மட்டும். அந்த இன்னொருவர் என்னை வருஷக்கணக்காக "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எரிந்து விழுவேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார், கொஞ்ச நாளில் போயும் விட்டார்.

7

தாளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கு முன் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையின் கட்டங்களைப் பார்த்தேன். என் பையில் பென்சில் இருந்தது, கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. அந்தப் புள்ளி எனக்குச் சொந்தமில்லை. உங்களுக்குத் தோன்றும் இடத்தில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேலேயோ கீழேயோ, கட்டம் போதாவிட்டால் ஓரத்திலேயோ. கொஞ்சம் அழுத்தாமல் வையுங்கள், அந்த அப்பா வந்து அழிக்க வேண்டியிருக்கலாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு இருபது. பூட்டைத் திறந்தேன். தம்ளர் காலையில் வைத்த இடத்தில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வந்திருந்தாலும், நாலு மணிக்கே வந்திருந்தாலும், என் வீட்டில் அது பூஜ்ஜியம்தான்.