அப்பா பேச்சு, அத்தை பேச்சு

நாலு வயதுதான், ஆனால் யார் பேச்சை நம்பலாம், யார் பேச்சைத் தள்ளலாம் என்பது குட்டிக்கு அத்துப்படி. அப்பா பேச்சு அடியோடு தள்ளுபடி. பாவம், கெட்டவர் இல்லை. பிள்ளை அழுதால் தாங்காத மனுஷன். கசப்பு மருந்தை இனிக்கும் என்பார். இன்றைக்கு லீவு என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிவிடுவார். எல்லாம் அன்பில் அவிழ்த்துவிட்ட புளுகு.

அப்பாவின் அக்கா அப்படியில்லை. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிறவள். வருகிற பிள்ளைகளிடம் மற்றவர்கள், "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று அளப்பார்கள். இவள் மட்டும், "வலிக்கும். கையை ஆட்டாம இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பாள். ஒருதரம் ஏமாந்த பிள்ளை மறுதரம் கையை நீட்டாது என்று தொழிலில் கண்டவள். குட்டிக்கும் அப்படிச் சொல்லித்தான் எடுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் யார் எது சொன்னாலும், குட்டி அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த குட்டியின் அம்மா செவ்வாய்க்கிழமை அங்கேயே இறந்துபோனாள். அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் குட்டிக்குத் தெரியாது. "நாளைக்கு வந்துடுவா" என்று அப்பா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொன்னா அவ நம்பலை. நீ சொன்னா நம்புவா. வருவான்னு சொல்லு, கொஞ்ச நாள் போகட்டும்."

"அப்புறம் யாருடா உண்மையைச் சொல்றது? அன்னைக்கு அவ நம்புறதுக்கு இந்த வீட்ல ஒரு ஆள்கூட மிஞ்சாது."

சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். குட்டி தரையில் உட்கார்ந்து, அம்மாவின் செருப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அம்மா செத்துப்போயிட்டா. அவளால இனிமே வரவே முடியாது."

குட்டி அழவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் ஓடினாள்.

"அத்தை பொய் சொல்றாங்க. நீங்க சொல்லுங்கப்பா, அம்மா நாளைக்கு வருவாங்கதானே?"

வாயைத் திறந்தாலே புளுகு கொட்டுகிற மனுஷனுக்கு, அன்றைக்கென்று நாக்கு எழவில்லை. குட்டி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்கப்பா. நான் நம்புறேன்."