பாட்டு லயத்துப் பிரதிநிதிகள்

“மனுச குலம் கெட்டது ஆசையால இல்ல, கமிட்டியால” என்றான் தர்மராஜ்.

மாமாக் சாப்பாட்டுக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, பல காலத்து ஆராய்ச்சியின் முடிவை உலகுக்கு அறிவிப்பவனைப் போல அதைச் சொன்னான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

“எழுதி வச்சுக்க. இந்த உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் நான் எந்தக் கமிட்டியிலயும் உட்கார மாட்டேன். எவனுக்கும் பிரதிநிதியா நிக்க மாட்டேன். துணைக்கமிட்டின்னு ஒண்ணு வச்சிருக்கானுங்களே, அது கமிட்டி போட்ட குட்டி. அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

எதிரே அவன் தங்கை ரோகினி ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் ஆராய்ச்சி முடிவுகளைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள்.

“முடிச்சிட்டியாண்ணே? நாளைக்கு மீட்டிங்குல எங்களுக்காக ரெண்டு வார்த்தை பேசுறியான்னுதான் கேட்டேன். மனுச குலத்தைப் பத்திக் கேக்கல லா.”

“மோட்டார்ல கொண்டுபோய் இறக்கி விடுறேன். அதோட என் பொறுப்பு முடிஞ்சது.”

ஹேசல்டன் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பல வருடங்களாகிவிட்டன. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் மாடி வீடு வந்தது. மலாயில் தாமான் என்றால் பூங்கா. வீடு கட்டும் இடத்துக்கெல்லாம் தாமான் என்று பெயர் வைத்துவிடுவதால், உண்மையான பூங்காவைக் கட்டத்தான் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. ஹேசல்டனில் அதிசயமாக இருந்தது. கடைசியாக இடித்த எட்டாவது லயத்தின் இடத்தை நகராண்மைக் கழகம் பூங்காவாக்கி, நடுவில் கூரை போட்ட ஒரு மண்டபத்தையும் கட்டிக் கொடுத்தது.

எட்டாவது லயத்துக்குத் தோட்டத்தில் பாட்டு லயம் என்று பெயர். உருமி அடித்தவர்களும் பஜனை பாடியவர்களும் கல்யாணத்துக்குக் கச்சேரி வைத்தவர்களும் அந்த ஒரே வரிசை வீடுகளில்தான் குடியிருந்தார்கள். இதைப் பாரம்பரிய இசைப் பகுதியாக அறிவிக்க வந்த அதிகாரி, லயம் என்றால் என்ன என்று அகராதியில் தேடினார். தோட்டத்து வரிசை வீடு என்ற பொருள் அகராதிக்குத் தெரியவில்லை. தாளம் என்று சொன்னது. தாளத்துக்கு மலாயில் இராமா. பாரம்பரியத்துக்கு வாரிசான். பகுதிக்கு ஸோன். ஒரு நல்ல நாளில் ‘ஸோன் வாரிசான் இராமா’ என்று பச்சைப் பலகை முளைத்தது.

அதைப் படித்த பஜனைக் குழுத் தாயம்மாவுக்கு மெய்சிலிர்த்தது. வாரிசு ஆனான் இராமன். கவர்மெண்டே ஒப்புக்கொண்ட பிறகு மனிதர்கள் மறுக்க முடியுமா? பூங்கா நிர்வாகக் குழுவில் முதல் இடம் பஜனைக் குழுவுக்குத்தான் என்று அவர் போய் உட்கார்ந்தார். யாரும் எழுப்பவில்லை.

குழுவின் விதி எளிமையானது: பாட்டு லயத்தோடு தொடர்புள்ள ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு. விதி வெளியான அன்றே அமைப்புகள் பெருக ஆரம்பித்தன. சன்னாசியின் உருமி மேளம் இரண்டாகப் பிரிந்து, சன்னாசி தலைமையில் அசல் உருமி மேளம் என்றும், அவர் மைத்துனர் வசந்தன் தலைமையில் ஆதி அசல் உருமி மேளம் என்றும் ஆனது. அடிப்பது அதே ஆட்கள்தான். ஓட்டுப் போடும்போது மட்டும் தனித்தனி. செல்லம் அக்கா தன் கரோக்கே பெட்டியோடு ஒரு நாற்காலியைப் பிடித்தார். பெண்கள் உருமிக் குழுவுக்காக ரோகினிக்கும், பூங்காவைச் சுற்றிய புது மாடி வீட்டுக்காரர்களுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது.

“எல்லாம் லெட்டர்பேட் சங்கம்” என்று தர்மராஜ் தான் வேலை செய்யும் நீலாய்த் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். “தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஒரே ஆளு. ஆண்டுக் கூட்டம் நடத்த ஒரு கண்ணாடி இருந்தா போதும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கையைப் பூங்கா மண்டபத்தில் இறக்கிவிட்டு அவன் உடனே கிளம்பியிருக்கலாம். மோட்டார் சைக்கிள் சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று மண்டபத்துத் தூண் ஓரமாக நின்றான்.

தலைமை புஷ்பவள்ளி டீச்சர். பணி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் எட்டவில்லை. மேசையில் மீகூன் சேமியாவும் கறிபாப்புப் பலகாரமும் இருந்தன. ஒவ்வொரு பிரதிநிதியும் எழுந்து மற்ற எல்லாரையும் பெயர் சொல்லி வரவேற்று முடிப்பதற்குள் மீகூன் ஆறிப்போனது.

பேச வேண்டியது ஒரே விஷயம்தான். ஞாயிறு மாலை மண்டபத்தில் ரோகினியின் பெண்கள் உருமிக் குழு வழக்கம்போலப் பயிற்சி செய்யலாமா, கூடாதா?

“பொம்பளப் பிள்ளைங்க அடிக்கட்டும், வேணாங்கல” என்றார் சன்னாசி. “ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அசலுக்கு வேணும்.”

“ஆதி அசலுக்கும் அதேதான் வேணும்” என்றார் வசந்தன். பிரிந்த நாளிலிருந்து மைத்துனர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

புது மாடி வீட்டுக்காரர்களின் பிரதிநிதி பிரேமநாதன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். “நான் பாட்டுக்கு எதிரி இல்லை, பிள்ளை. லயம் எண்டா தாளம். தாளத்துக்கு ஒரு அளவு வேணும். உங்கட அடியில என்ர வீட்டுக் கதவே ஆடுது.”

“அங்கிள், வெளிய இருந்தாத்தான் அம்மாமாருங்க பிள்ளைங்கள அனுப்புறாங்க” என்றாள் ரோகினி. “நாலு பேரு நடக்கிற இடம், வெளிச்சம் இருக்கு. பின்னாடி செம்பனைக் காட்டுக்குப் போய் அடிங்கன்னா எவ அனுப்புவா? குழுவே கலைஞ்சிரும்.”

தாயம்மாவின் அக்கா மகளும் செல்லத்தின் மருமகளும் ரோகினியின் குழுவில் உருமி அடிப்பவர்கள். அதனால் அந்த இரண்டு கைகளும் அவள் கையோடு சேர்ந்து உயர்ந்தன. எதிர்ப்பக்கமும் மூன்று. தலைவருக்கு ஓட்டு இல்லை.

“சமம்” என்றார் டீச்சர். “அடுத்த ஞாயிறு மறுபடியும் வாக்கெடுப்பு. அதுவரைக்கும் மண்டபத்துல யாரும் சத்தம் போடக் கூடாது.”

“பாத்தியா?” என்றான் தர்மராஜ், வீடு திரும்பும் வழியில். “ஒரு முடிவும் எடுக்காம இருக்கிறதுக்கு இத்தனை பேரு வேணுமா? அதுக்கு நான் ஒருத்தன் போதாதா?”

பின்னால் உட்கார்ந்திருந்த ரோகினி, இன்றைக்குப் பயிற்சி இல்லை என்று அம்மாமார்களுக்குப் போனில் செய்தி தட்டிக்கொண்டே வந்தாள். அவன் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தான்.

அன்று மாலை வழக்கம்போல வாசலில் கூண்டுப் பறவைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நேரத்துக்கு உருமியைத் திட்டிக்கொண்டே தீனி வைப்பது அவன் வழக்கம். இன்று திட்ட எதுவும் இல்லை. விரல் தீனி டப்பாவின் மேல் தானாக ஓர் அடியைத் தட்டியது. இரண்டாவது சுற்றில் ரோகினி கொஞ்சம் முந்திவிடும் இடம் வந்ததும் விரலும் முந்தியது. சட்டென்று கையை எடுத்தான்.

உள்ளே ரோகினி போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. “சரிக்கா. புரியுது. பரவால்ல, பிள்ளைய ட்யூஷனுக்கே அனுப்புங்க.” அன்று இரண்டாவது அம்மா அது. பேசி முடித்துவிட்டு உருமிக்குத் துணி போர்த்தி அலமாரிக்கு மேலே ஏற்றினாள். தினமும் எடுக்கிற பொருளை யாரும் அங்கே வைப்பதில்லை.

புதன்கிழமை தர்மராஜ் அரைநாள் விடுப்பு எடுத்தான். பல் வலி என்று மேலாளரிடம் சொன்னான். சிரம்பானில் அவன் பல் வலியோடு நுழைந்தது முத்திரை செய்யும் கடையில்.

“சங்கத்து சாப்பா? பேர் சொல்லுங்கண்ணே” என்றாள் கடைக்காரப் பெண்.

தர்மராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். அதற்குள் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு, வரவேற்புரைகள் முடியும் தருவாயில், இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் மண்டபத்துக்குள் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். ரோகினி திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“நீங்க யாரு சார்புல?” என்றார் டீச்சர்.

தர்மராஜ் எழுந்தான். “மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அசல் உருமி மேளத்தின் தலைவர் அவர்களே, ஆதி அசல்...”

“வரவேற்பு முடிஞ்சிருச்சு. விஷயத்துக்கு வாங்க.”

“பாட்டு லயம் ரசிகர் பேரவை, டீச்சர். இங்க அடிக்கிறவங்களுக்கு ஆள் இருக்கு, பாடுறவங்களுக்கு இருக்கு, வேணாங்கிறவங்களுக்கும் இருக்கு. கேக்குறவங்களுக்கு யாரும் இல்ல. லயத்துல அடிச்சவன் பத்துப் பேருன்னா, கேட்டவன் தோட்டமே.”

“இது லெட்டர்பேட் சங்கம்!” என்று சன்னாசி எழுந்தார்.

“ஆமா. உங்களுது ரெண்டு லெட்டர்பேட்” என்றார் தாயம்மா. சன்னாசி உட்கார்ந்துவிட்டார்.

“பேரவையில உறுப்பினர் எத்தனை பேரு?” என்று கேட்டார் டீச்சர்.

“வளர்ந்துகிட்டு இருக்கு, டீச்சர்.”

டீச்சர் விதியை ஒரு முறை வாசித்தார். உறுப்பினர் எண்ணிக்கை பற்றி அதில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் மண்டபத்தில் பாதி நாற்காலி காலியாகியிருக்கும். வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு மூன்று.

பிரேமநாதன் கோபப்படவில்லை. கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒரு நிபந்தனை. சத்தம் அளவோட இருக்கோ எண்டு பாக்க ஒரு துணைக்கமிட்டி வேணும். ஒவ்வொரு ஞாயிறும் என்ர வீட்டு வாசல்ல என்னோட வந்து இருந்து கேக்க வேணும். அது இல்லாட்டி நான் நகராண்மைக் கழகத்துக்குப் போவன்.”

“நியாயம்” என்றார் டீச்சர். “துணைக்கமிட்டிக்கு யாரு வர்றீங்க?”

அசல் கறிபாப்பைப் பார்த்தது. ஆதி அசல் மீகூனைப் பார்த்தது. செல்லம் அக்கா போனை எடுத்துக்கொண்டார். ரோகினியாலும் வர முடியாது, அவள் அடிக்க வேண்டும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் பார்வை கடைசி நாற்காலிக்கு வந்து சேர்வதற்கு முன்பே, காது மட்டத்துக்கு மேல் போகாமல், அங்கே ஒரு கை உயர்ந்திருந்தது.