சீனிப் பனி

ராஜபாளையத்து அனுசியாவை அவளுடைய உயிர்த்தோழி ஷெரின் போனில் பிளாக் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், கண்ணுகளா. ஷெரின் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். அந்த முடியோடு அவள் இருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சேவலை ஒட்டி அனுசியா ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். அவ்வளவுதான். போன் போகவில்லை, மெசேஜும் போகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது. கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்து நேரில் நீட்டிவிடுவது, வாங்காவிட்டால் இந்த நட்பு முடிந்தது என்று தீர்மானித்தாள்.

சட்டை டப்பாவின் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய தங்க நட்சத்திரம், மைதாப் பசை. விரித்தால் மாட்டுக்குடில் எழுந்து நிற்கும்படி மடித்து ஒட்டினாள். கூரைக்குப் பனி வேண்டும். பஞ்சு வைத்துப் பார்த்தாள், மின்னவில்லை.

"தூளுப்பத் தூவு, மினுமினுன்னு இருக்கும்," என்றாள் அண்ணன் மனைவி சிவரஞ்சனி.

"நல்லா சொன்னிய மதினி! உப்பக் கையில குடுத்தா சண்டை வரும்லா? இருக்கிற சண்டை பத்தாதா?"

"அப்பன்னா சீனியப் போடு. இனிக்கட்டும்."

இருவருக்கும் அது அபாரமான யோசனையாகப் பட்டது. அள்ளித் தூவினார்கள். ஆளுக்கொரு வாய் தின்றார்கள். காயட்டும் என்று அடுப்படி மேடையில் வைத்தார்கள்.

மறுநாள் காலை அதை அப்படியே மூடிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மடியில் ஏதோ குறுகுறுத்தது. ஷெரினைப் பார்க்கப் போகிற பரபரப்பு என்று நெளிந்தாள். பக்கத்து சீட்டுப் பெரியவரும் நெளிந்தார். அவருக்கென்ன பரபரப்பு என்று அவள் யோசிக்கவில்லை.

ஷெரின் குடியிருக்கும் மடவார் வளாகத்தில் இறங்கி, அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஷெரின் திறந்தாள். 'வா' என்று சொல்லவில்லை. ஆனால் நீட்டிய கவரை வாங்கிவிட்டாள். அட்டையை விரித்தாள். குடில் ஜம்மென்று எழுந்தது. அதன் வாசலிலிருந்து செவ்வெறும்புகள் சாரிசாரியாகப் புறப்பட்டு அவள் மணிக்கட்டில் ஏறின.

"ஷெரினு, கீழ போடுட்டி!"

ஷெரின் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பேசுவதில்லை என்றால் பேசுவதில்லை. எறும்பு முழங்கையை எட்டியது. கடித்தது.

"ஆத்தீ! பாலனப் பாக்க மூணு ராசாதானட்டி வந்தாவ? நீ படையவே கூட்டியாந்திருக்கியே!"

பேசிவிட்டாள்! அனுசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அவள் சுடிதாருக்குள்ளும் படை புகுந்தது. இருவரும் கையை உதறிக்கொண்டு வாசலில் குதித்தார்கள்.

"நீ குதிக்கும்போது அப்படியே சே..." அனுசியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லித் தொலைட்டி."

"...சேவலு."

ஷெரின் முறைத்தாள். பிறகு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து அவள் கணவன் பொன்னுராஜ் கேட்டான்.

"அனு வந்திருக்கா! காப்பி போடுங்க. சீனி டப்பாவ மட்டும் இவ கண்ணுல காட்டிராதிய!"

அனுசியா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.