ஆபரேட்டர் மெனு

"அத மட்டும் குடுக்க முடியாதுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு சித்ரகலா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். டையிங் மாஸ்டர் தங்கதுரை சிரித்தார். சின்னப் பெண் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

நல்லூரைத் தாண்டியிருந்த அந்தச் சாயப்பட்டறைக்கு அவள் வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின்களை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டுகிற சாப்ட்வேரை அவளுடைய கோயம்புத்தூர் கம்பெனி விற்றிருந்தது. ஒயர் இழுக்கிற வேலை முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது, யாருக்கு எந்த மெனு என்று பிரித்துக் கொடுப்பது. ஆபரேட்டர் உள்ளே நுழைந்தால் திரையில் என்ன தெரிய வேண்டும், எதைத் தொட்டால் வேலை நடக்க வேண்டும், எது கண்ணிலேயே படக்கூடாது. மாஸ்டருக்கு எது, முதலாளிக்கு எது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதைச் செய்து முடிக்கும்வரை அந்தப் பட்டறை மொத்தமும் செய்கிறவரின் கைக்குள் இருக்கும். அவள் மடத்துக்குளத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டும் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். தனியாக அனுப்பப்பட்ட முதல் சைட் இது. வந்த அன்று வாசலில், "இஞ்சினியரு பின்னால வராருங்களா?" என்று கேட்டார்கள். "நாந்தாங்க" என்றபோது குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

மாஸ்டர் கேட்டது மூடிப் பூட்டை விலக்கும் மெனுவை. மெஷினுக்குள் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். அதனால் சூடு எண்பது டிகிரிக்குக் கீழே இறங்காமல் மூடி திறக்காது. மெஷினைப் பழுது பார்க்க வரும் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் அந்தப் பூட்டை விலக்க ஒரு மெனு இருந்தது. அதைத் தனக்கும் போடச் சொன்னார்.

"நெறம் சரியான்னு ஷேடு பாக்க லாட்டுக்கு லாட்டு துணில துண்டு வெட்டோணும் அம்மிணி. முன்னெல்லாம் இத்தன நேரம் ஆகாது. உங்க கம்ப்யூட்டரு வந்தப்பறந்தேன் சூடே எறங்க மாட்டீங்குது. நாங் காத்துக்கிட்டு நின்னா சரக்கு ஏத்தற கப்பலு நிக்குமா?" சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழுவழுவென்று வேறு நிறத்தில் இருந்தது. "நானும் வாங்கியிருக்கறேன். ஒண்ணும் செத்துப் போயிரல."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தாள். மெஷின் மேடையில் ஆபரேட்டர் மூக்கையா முண்டா பனியனோடு நின்று, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெனு மாஸ்டருடையதாக இருக்கலாம். மூடியைத் தூக்கப் போகிறவர் மூக்கையாதான்.

முதலாளி கன்னையன் வந்ததும் விஷயம் அவரிடம் போயிற்று. குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். "ஏனுங்கம்மிணி, மாஸ்டரு கேக்கறதக் குடுத்துருங்க. பொறுப்பு அவருதுதானுங்களே?" என்றார். அவள் தலையசைக்கவில்லை. அவர் வருத்தத்தோடு செல்போனை எடுத்து அவளுடைய கம்பெனிக்கே பேசினார். பேசிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார்.

"கஸ்டமர் கேட்டா குடுத்துட்டு வர வேண்டியதுதானே சித்ரகலா? கையெழுத்து வாங்கிட்டு பஸ் ஏறுங்க" என்றது மறுமுனை.

"சார், என்ற பாஸ்வேர்டப் போட்டு அந்த வேலைய நான் செய்ய மாட்டேனுங்க. செஞ்சுதான் ஆகோணும்னா வேற ஆள அனுப்புங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதிலுக்குக் காத்திராமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க" என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு மெஷின்கள் பக்கம் இறங்கினாள்.

சூடு ஏன் இறங்கவில்லை என்பதுதான் அவளை அரித்தது. பழைய மெஷின், அதே தண்ணீர், அதே வால்வு. ஒரு லாட் துணி முடியும்வரை அங்கேயே நின்றாள். சாயம் ஏறி முடிந்ததற்கான மணி அடித்தது. மெஷின் திரையில், குளிர்விக்க மாஸ்டரின் அனுமதி தேவை என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. மூக்கையா கைகட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் வெளியே, சாயத்தில் போடும் உப்பை ஏற்றி வந்த லாரிக்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் துணி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

சித்ரகலாவுக்கு முகம் சூடேறியது. அந்த மெனுவை மாஸ்டர் பக்கம் போட்டவள் அவள்தான். முதல் நாள், "ஆபரேட்டருக்கு ஸ்டார்ட் மட்டும் போதும்" என்று தங்கதுரை சொன்னபோது சரிங்க என்று போட்டிருந்தாள். மெஷின் ஆறுவதற்குக் காத்திருக்கவில்லை. ஒரு பாஸ்வேர்டுக்காகக் காத்திருந்தது.

மேலே ஓடி வந்து, குளிர்விக்கும் மெனுவை ஆபரேட்டர் பக்கம் மாற்றினாள்.

"அட, நேரங்காலந் தெரியாம அமுத்திப்போட்டா? ஷேடே போயிருமே" என்றார் தங்கதுரை.

"அமுத்த முடியாதுங்க மாஸ்டர். சாயத்துக்கு நீங்க எழுதுன நேரம் முடியற வரைக்கும் அந்த எழுத்து மங்கலாத்தான் இருக்கும். முடிஞ்சாத்தான் எரியும்."

அடுத்த லாட்டுக்கு முதலாளியும் மேடைக்கு வந்து நின்றார். மணி அடித்த உடனே மூக்கையா திரையைத் தொட்டார். குளிர்ந்த தண்ணீர் குழாயில் பாயும் சத்தம் கேட்டது. எண்கள் மளமளவென்று இறங்கின. மூடிப் பூட்டு 'டக்' என்று தானாக விடுபட்டபோது, கன்னையன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். முகத்தில் அடிக்காத, லேசான ஆவி எழுந்தது. மூக்கையா குனிந்து துண்டு வெட்டிக் கொடுத்தார். தங்கதுரை அதைப் பிழிந்து, உலர்த்தி, நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து வெகுநேரம் பார்த்தார். குறை ஏதாவது கிடைக்காதா என்று பார்க்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர்.

"ஷேடு வந்துருச்சுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "அந்தப் பூட்டு மெனு?" என்றார்.

"மெஷின்ல தண்ணி இருந்தா இனி எனக்கே வராத மாதிரி மாத்திட்டனுங்க மாஸ்டர்."

அவர் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி விட்டுக்கொண்டு உப்பு லாரியைப் பார்க்கப் போனார்.

வேலை முடிந்ததென்று கன்னையன் கையெழுத்துப் போட்டார். "உங்க கம்பெனில நானே பேசிக்கறனுங்க" என்றார். அவர் பேசுவாரா, பேசினாலும் அங்கே என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கத் தோன்றவில்லை. ஆபரேட்டர்களுக்கு இதுவரை ஆபரேட்டர் ஒன்று, ஆபரேட்டர் இரண்டு என்றுதான் இருந்தது. அதையும் அழித்து ஆளுக்கொரு பெயராகப் போட ஆரம்பித்தாள். முதலில் மூக்கையாவைக் கூப்பிட்டாள். அந்தக் கண்ணாடி அறைக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. ஈரக் கைகளைத் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எம் பேரையா போடப் போறீக?"

"ஆமாங்கண்ணா. இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?"

"ஆதார் கார்டுல ரெண்டு கே போட்டிருக்கும்மா. அதையே போடுங்க."

போட்டாள். திரையில் அவருடைய பெயர் வந்தது. அவர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அதன் கீழே பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் மினுமினுத்தது. உங்களுக்கு மட்டும் தெரிந்த சொல்லாக ஒன்றை அடியுங்கள் என்றாள். மூக்கையா கீபோர்டின் மேல் இடது கையைக் குடையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார்.

"கோவிச்சுக்கிறாதீக. செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கிறீகளா?"

சித்ரகலா சிரித்துக்கொண்டே எழுந்து கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே மெஷினிலிருந்து செக்கச்செவேலென்று துணி இறங்கி, தள்ளுவண்டியில் மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துகிற சத்தம் கேட்டது.