இரண்டாம் இயந்திரத்தில் முதல் கறுப்பர்

லுவீனியா கிரேசனின் சமையலறையில் சுருள்முடியை நீவி நேராக்கிக்கொள்ள உட்கார்ந்த பெண் யாரும், ஓட்டுக்குப் பேர் பதிகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனதில்லை. அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சீப்பு காதோரம் வந்து நிற்கும்போது எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? அவள் யாரிடமும் கைகட்டி வேலை பார்ப்பவளும் இல்லை. வந்துபோகிறவர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். அவள் பிழைப்பில் கை வைத்து அவள் வாயை மூட எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. அதனால்தான் கெய்ன்ஸ் ஃபெரி வாக்காளர் சங்கம் ஆள் சேர்க்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தது.

அதற்கு முன்பெல்லாம் கோர்ட்டுக் கட்டடத்தில்தான் பேர் பதிய வேண்டும். லுவீனியா ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றதும் குமாஸ்தாவுக்குப் பசி வந்துவிடும். காலை ஒன்பது மணிக்குக்கூட மதியச் சாப்பாட்டுக்கென்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவான். ஓட்டுரிமைச் சட்டம் வந்த பிறகு வாஷிங்டன் அனுப்பிய ஆள் தபால் நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு மட்டும் ஏனோ பசிக்கவே இல்லை.

"உனக்கென்னடி, உன் அடுப்புதான் உனக்கு முதலாளி" என்றாள் ஓதா மே. அடுத்த தெருக்காரி, சிறு வயதிலிருந்தே தோழி. "வில்லிஸுக்கு மில்லுல வேலை. நான் பேரு குடுத்தது அங்க தெரிஞ்சா என்னாகும்?"

"தெரியட்டும். உன் புருஷன் எத்தனை வருஷமா மரக்கட்டை தள்றான்? அங்கேயே தள்ளிக்கிட்டே சாகணும்னு விதியா? தலைய ஆட்டாதே, காது சுட்டுடும்."

"ஆட்டலடி. பயத்துல தானா ஆடுது."

மறுநாள் இருவரும் சேர்ந்து போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் ஓதா மே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நடந்தாள்.

ஆற்றங்கரையில் இருந்த காகித மில்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் ஊர் முழுக்க வீசும். கறுப்பர்களுக்கு மரக்கிடங்கு, வெள்ளைக்காரர்களுக்கு இயந்திரக் கூடம். இது எங்கும் எழுதப்படாத ஏற்பாடு. லுவீனியாவின் கணவன் எல்பர்ட் அந்தக் கிடங்கில் பதினெட்டு வருஷம் உழைத்தவன். புதிதாகச் சேரும் வெள்ளைப் பையன்கள் சில மாதம் அங்கே வருவார்கள். கட்டையை எப்படித் தள்ள வேண்டும், வெட்டும் இயந்திரத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் எல்பர்ட் சொல்லிக் கொடுப்பான். பிறகு அவர்கள் மேலே ஏறிப்போய் அவனையே அதட்டுவார்கள். டேல் ஹக்கபி என்ற பையனின் கை வெட்டும் இயந்திரத்துக்குள் போக இருந்தபோது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது எல்பர்ட்தான். இரண்டே வருஷத்தில் டேல் அவனுக்கு மேஸ்திரி ஆனான். ராத்திரிச் சாப்பாட்டில் கீரையையும் சோளரொட்டியையும் பிசைந்துகொண்டே எல்பர்ட் இதையெல்லாம் சொல்லுவான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வேலையில் நிறம் பார்க்கக் கூடாதென்ற சட்டமும் அமலுக்கு வந்தபோது, கிடங்கு ஆட்கள் ஏழு பேர் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினார்கள். சர்ச்சில் முதலில் எழுந்து நின்று, "என் பேர முதல்ல போடுங்க" என்று சொன்னவன் எல்பர்ட். வில்லிஸ் மட்டும் கடைசிவரை தயங்கினான். ஓதா மேயிடம் பேசி, அவள் மூலம் அவனைச் சம்மதிக்க வைத்தது லுவீனியா.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் மேலாளர் ஸ்ட்ரௌட் அவர்கள் வீட்டு வாசலுக்கே காரில் வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம், மிஸஸ் கிரேசன். எல்பர்ட் இருக்காரா?"

வெள்ளைக்காரன் ஒருவன் அவளை மிஸஸ் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. எல்பர்ட் அவரோடு காரருகே போய் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தவனிடம் என்ன விஷயம் என்று கேட்டாள்.

"கிடங்குல தண்ணி பம்பு ரிப்பேராம். அதைப் பத்திக் கேட்டாரு."

"பம்புக்காக ஞாயித்துக்கிழமை வீடு தேடியா வருவாரு?"

"வந்தாரே" என்று சொல்லிவிட்டு அவன் பின்பக்கம் போய்விட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, ஓதா மே தலை நீவிக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். வழக்கமான பேச்சு இல்லை. லுவீனியா ஒரு பக்கம் முழுக்க நீவி முடித்துவிட்டு, சீப்பை மறுபடி அடுப்பில் வைக்கத் திரும்பினாள்.

"ஏண்டி, நீயா சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் ஓதா மே. "சொல்லவே மாட்டியா?"

"எதைச் சொல்லணும்?"

"வில்லிஸ நேத்து வேலைய விட்டு எடுத்துட்டாங்க. உன் புருஷன் திங்கக்கிழமையிலேருந்து ரெண்டாம் இயந்திரத்துல நிக்கிறான். கூடத்துக்குள்ள போன முதல் கறுப்பன்! மில்லுல நிறமே பார்க்கறதில்ல, இந்தப் புகாரே வில்லிஸ் கிளப்பிவிட்டதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். உனக்குத் தெரியாது?"

"சத்தியமா தெரியாது, ஓதா."

"ஒரே தலகாணியில படுக்கிறீங்க. தெரியாதாம்."

ஓதா மே எழுந்தாள். தோளில் கிடந்த துண்டை உருவி நாற்காலியில் போட்டாள். ஒரு பக்கம் முடி படிந்தும் மறுபக்கம் சிலும்பியும் நின்ற தலையோடு, முக்காடுகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனாள். ஊரே பார்த்தது. அடுப்பில் சீப்பு சிவந்துகொண்டிருந்ததை லுவீனியா வெகுநேரம் கவனிக்கவில்லை.

எல்பர்ட் சாயங்காலம் வந்தான். சட்டையில் மரத்தூள் இல்லை. அதை நாலு நாளாகப் பார்த்தும் தனக்கு ஏன் உறைக்கவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

"என்ன எழுதிக் குடுத்தே?"

அவன் மழுப்பவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அவங்க எழுதி வச்சிருந்தாங்க. நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றான்.

"வில்லிஸ் பேரும் அதுல இருந்துச்சா?"

"வேலைய விட்டு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, லூ."

"வேற எதுக்கு அவன் பேர எழுதி வச்சிருப்பாங்க? நன்றி சொல்லவா?"

"ஏழு பேர் சேர்ந்து தட்டினா அந்தக் கதவு தொறக்காது. ஒருத்தனுக்குத்தான் தொறந்துச்சு. நான் உள்ள போயிட்டேன். சட்டம் எனக்கும் சேர்த்துத்தானே வந்துச்சு? பதினெட்டு வருஷம், லூ. அந்த இயந்திரத்தோட சத்தத்தைச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டவன் நான்."

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அவளைத் தைத்தது அந்தக் கேள்விதான். அவளை அவன் நன்றாக அறிந்திருந்தான். அறிந்துதான் செய்திருக்கிறான்.

"ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர் லுவீனியா. நான் சிஸ்டர் லுவீனியாவோட புருஷன். எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணிச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஈஸ்டருக்கு முடி நீவிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்த ஒருத்தியும் வரவில்லை. சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் நிறைய இருந்தது. ஆராதனை முடிந்ததும் ரெவரெண்ட் பிரிட்ஜஸ் அவளைத் தனியாக அழைத்தார்.

"தேர்தலன்னிக்கு ஜனங்களை வண்டியில கூட்டிட்டுப் போற வேலைய வேற யாராவது பார்க்கட்டும், சிஸ்டர்."

"என் மேல சந்தேகமா, ரெவரெண்ட்?"

"எனக்கில்ல. ஜனங்களுக்கு."

"அந்த ஜனங்களை ஒவ்வொருத்தரா தபாலாபீஸுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நீங்க அப்ப, அவசரப்படாதீங்க, மெதுவா போகலாம்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க."

அவள் பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் பர்மிங்காமிலிருந்து புகாரை விசாரிக்க அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், வெள்ளைக்காரர். சர்ச்சின் பின்னறையில் கிடங்கு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். புகாரில் முதல் கையெழுத்துப் போட்டவரே எல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், இதைக் கொண்டு போவது கஷ்டம் என்றார். வில்லிஸ் எழுந்து வெளியே போனான். வாசலில் லுவீனியா நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே உள்ளே போனாள்.

"நான் எல்பர்ட் கிரேசனோட மனைவி. எனக்குச் சொல்றதுக்கு இருக்கு."

"உங்க கணவருக்கு எதிராகவா?" அதிகாரி பேனாவை நிமிர்த்தினார்.

"அவருக்கு எதிரா இல்லை. அவர் கையெழுத்துப் போட்டதுக்கு எதிரா."

பிறகு அவள் சொன்னாள். எல்பர்ட்டிடம் வேலை பழகி மேலே போன பையன்களின் பேர் ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. டேல் ஹக்கபியின் கை தப்பியதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்த காரைச் சொன்னாள். "நீங்க அந்தப் பையன்களையே கூப்பிட்டுக் கேளுங்க. யார்கிட்ட வேலை கத்துக்கிட்டீங்க, அவர் இப்ப எங்க நிக்கிறாருன்னு கேளுங்க" என்றாள். அதிகாரி கேட்டுக் கேட்டு எழுதினார். புகாரை மூடுவதாக இருந்தவர், மறுநாளும் ஊரில் தங்கி டேல் ஹக்கபியைப் பார்க்கப் போனார்.

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. எல்பர்ட் மேசையருகே நின்றுகொண்டிருந்தான்.

"நம்ம வீட்டுக்குள்ள, உன்ன நம்பிச் சொன்னது அதெல்லாம்" என்றான். "சாப்பிடும்போது பொண்டாட்டிகிட்ட சொன்னத எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட கொட்டிட்டியே."

"ஆமா. கொட்டிட்டேன்."

"இது துரோகமில்லையா, லூ?"

"துரோகந்தான்" என்றாள் அவள். "எங்க கத்துக்கிட்டேன்னு கேளு."

அன்றிலிருந்து அவன் பின்னறையில் படுத்தான். சாப்பாட்டை அவள் மேசையில் வைப்பாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போவான். வேலையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது.

மே மாதம் தேர்தல் வந்தது. கறுப்பர் ஒருவர் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் பதவிக்கு நின்ற முதல் தேர்தல். லுவீனியா தனியாக நடந்து போய் வரிசையில் நின்றாள். வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. அவள் பேர் பதியவைத்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அந்தக் காதோரச் சீப்புக்குப் பயந்தவர்கள் எல்லாரும். சில பேர் தலையசைத்தார்கள், பல பேர் அதுவும் செய்யவில்லை. ஓதா மே இரண்டு ஆளுக்கு முன்னால் நின்றாள், திரும்பவே இல்லை. நடுப்பகலில் எல்பர்ட் வந்து கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற ஆள் ஓரடி தள்ளி நின்றுகொண்டான். லுவீனியா அதைப் பார்த்தாள். இத்தனைக்கும் பிறகும் அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அவர்கள் ஆள் இரண்டாம் சுற்று ஓட்டெடுப்புவரை போய்த் தோற்றார். அடுத்த தடவை ஜெயித்தார்.

மில் விவகாரம் அவ்வளவு சுலபத்தில் தீரவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஐந்து வருஷம் இழுத்தது. அதற்குள் எல்பர்ட்டின் பெருமையும் வடிந்துவிட்டது. யாராவது கேள்வி கேட்டு வந்தால் ஸ்ட்ரௌட் அவனைக் காட்டுவார். மற்ற நாட்களில் அவன் கூடத்தைப் பெருக்கினான், காகிதச் சுருள் உருட்டினான். இயந்திரத்தைத் தொட ஒருநாளும் விட்டதில்லை. அவனுக்குப் பிறகு வந்த பையன்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். இதை அவன் அவளிடம் சொல்லவில்லை. ஊர் வாயிலிருந்துதான் அவள் தெரிந்துகொண்டாள். கேட்டபோது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

தீர்ப்பு வந்த வாரம், வில்லிஸ் அவள் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான். இத்தனை வருஷமும் கண்ட கூலி வேலையெல்லாம் செய்து மூச்சிரைப்பு வாங்கியிருந்தான்.

"என்னைத் திரும்ப எடுத்துக்கிறாங்க, சிஸ்டர். இயந்திரக் கூடத்துக்கே. அன்னிக்கு நீங்க பேசலைன்னா புகாரையே மூடியிருப்பாங்கன்னு வக்கீல் சொன்னாரு."

"நல்லது, வில்லிஸ். உள்ள வா, காப்பி போடறேன்."

அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். எல்பர்ட்டின் இருமல் கேட்டது.

"இல்ல, சிஸ்டர். அவன் இருக்கான்."

"ஓதா எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா." வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

"யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் லுவீனியா. அவன் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.