சேறில்லாத வீடு

குணேஸ்வரி முக்காலியில் இருந்தபடி சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புயல் வெள்ளம் நெஞ்சளவு நின்று வற்றியதில் வீட்டைச் சுற்றிச் சேற்றுக்கோடு விழுந்திருந்தது. உப்புவெளியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதியில் அறை துப்புரவாக்குகிறவள் அவள். கறையைக் கண்டால் கை சும்மா இராது. ஊறிய மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றியாயிற்று. கோடு போன இடத்தில் சுண்ணாம்பும் பூசினாள்.

அன்று சேதம் பார்க்க அதிகாரி வருகிறார். கடலேரிக் களப்பின் ஓரத்தில் மூழ்கிய வீட்டுக்காரருக்கு அரசாங்கம் மேட்டில் காணி கொடுக்கும் என்று கதை.

"என்னப்பா, கலியாண வீடே?" என்றான் புருஷன் சுகிர்தன்.

"வாற மனிசரைச் சேத்துக்குள்ளயே இருத்துறது?"

பக்கத்து வளவில் முனாப் தன் வீட்டுச் சேற்றைத் தொடவேயில்லை. வாசலில் குந்தியிருந்து சிரித்தார்.

"தங்கச்சி, எங்கட ஊட்டையும் ஒருக்காக் கழுவித் தாவன்!"

அதிகாரி சின்னப் பெடியன். தரையைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"தண்ணி எவ்வளவுக்கு வந்தது அக்கா?"

அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"அடையாளம் ஒண்டையும் காணேல்லையே?"

"கழுவிப்போட்டன் தம்பி. நீங்கள் வாறீங்கள் எண்டு."

அவன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினான்.

"வெள்ளைச் சுவர்தான் படத்தில விழுது. மேல ஏற்கமாட்டினம்."

சுகிர்தன் முன்னால் வந்தான். "சேர், நாங்கள் சண்டைக்குள்ள ஓடிவந்த சனம். சொந்தக் காணி ஆமி முகாமுக்குள்ள கிடக்கு. போக வேற இடமில்லை."

"அப்ப உங்களுக்குக் காணி இருக்கு அண்ணை. இல்லாத ஆக்களுக்குத்தான் மேட்டுக்காணி."

"அதை எப்ப விடுவினம்?"

"அது எங்கட பகுதியில்லை."

அவள் நீட்டிய தேத்தண்ணியைக் குடித்தான். "வீடு நல்ல துப்புரவு அக்கா" என்று சொல்லி, முனாப் வீட்டுக்குச் சப்பாத்தோடு போனான்.

மார்கழி பிறக்க மழை திரும்பவும் பிடித்தது. முனாப்பின் சட்டி பானை, அலுமாரி எல்லாம் மேட்டுக்குப் போகும் உழவு இயந்திரத்தில் ஏறின. போகிறபோது அவர் சிரிக்கவில்லை.

குணேஸ்வரி கட்டிலின் மூலையைத் தூக்கிப் பிடித்தாள். சுகிர்தன் கட்டில் கால்களுக்குக் கீழே, வெள்ளம் எட்டாத உயரத்துக்குச் சீமெந்துக்கல் அடுக்கினான்.

"இன்னுமொண்டு வைப்பமே?"

"வையுங்கோ."

அவர்களுடைய ஐந்து வயது மகள் கீர்த்தனியை மேலே ஏற்றினார்கள். தாழ்ந்த தகரக் கூரையில் மழை அடித்தது.

"அம்மா, தலை முட்டுது."

"குனிஞ்சு இரு பிள்ளை."